கிங் பின் கழற்றிய நாள்

உள்ளூர் வரலாறு பற்றி ஒரு ஒப்படை செய்ய வேணும் என்று துறையில் சொன்னபோது ஒரு குழு கோட்டைக்குப் போனது, இன்னொன்று கோயில் கல்வெட்டுக்குப் போனது. நாங்கள் நாலு பேர், எப்பவும் போலப் பிந்திவிட்டோம். எங்களுக்கு மிஞ்சியது எங்களில் ஒருத்தியின் பெரியப்பாவின் கராஜ்தான். யாழ்ப்பாண நகரத்துக்குச் சற்று வெளியே, தகரக் கூரை, ஒயில் ஊறிக் கறுத்த மண், வாசலில் ஒரு வேம்பு. நாங்கள் போன அன்றைக்கு அங்கே ஒரு பழைய டாட்டா லொறி முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. கிங் பின் மாத்த வந்திருந்தது.

"இதிலை என்ன பிள்ளையள் வரலாறு கிடக்கு?" என்று பெரியப்பா கேட்டார்.

உண்மையைச் சொன்னால், எங்களுக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. கராஜ் எப்போது தொடங்கியது, யார் யார் வேலை செய்தார்கள் என்று நாலு கேள்வி கேட்டு, இரண்டு படம் எடுத்துக்கொண்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம் என்பதுதான் திட்டம். திரும்பும்போது இருட்டிவிட்டது.

முதலில் கிங் பின் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறோம், எங்களுக்கும் அன்றைக்குத்தான் தெரியும். லொறியின் முன்னால் குறுக்காகக் கிடக்கிற தடித்த இரும்புதான் முன் அச்சு. தண்டவாளம் மாதிரி மேலும் கீழும் அகன்று நடுவில் ஒடுங்கியிருக்கும். ஸ்ரியரிங்கைச் சுற்றும்போது இந்த அச்சு திரும்புவதில்லை. அதன் இரண்டு நுனியிலும் கவட்டை மாதிரி ஒரு துண்டு பூட்டியிருக்கிறது, அதை நக்கிள் என்கிறார்கள். சில்லு பூட்டுவது நக்கிளில். நக்கிளையும் அச்சையும் சேர்த்துப் பிடிப்பது நிமிர்ந்து நிற்கிற ஒரு உருக்குத் தடி, ஏறக்குறைய ஒரு சாண் நீளம். அதுதான் கிங் பின். கதவுக்குப் பிணைச்சல் எப்படியோ, முன் சில்லுக்குக் கிங் பின் அப்படி. ஒரே வித்தியாசம், இந்தக் கதவின் மேல் சில தொன் நெல்லோ சீமெந்தோ இருக்கும், கதவு மணித்தியாலத்துக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

பின் தேய்ந்துவிட்டதா என்று பார்க்கிற முறையை அவர் செய்து காட்டினார். பின் சில்லுகளுக்கு முட்டுக் கொடுத்து, முன் அச்சுக்குக் கீழே ஜக் வைத்து உயர்த்தி, உடனேயே அச்சுக்குக் கீழே தாங்கியை வைத்தார். "ஜக்கை நம்பிக் கீழை படுக்கிறவன் வீட்டை போகமாட்டான்" என்றது அவருடைய முதல் பாடம். பிறகு சில்லை உச்சியிலும் அடியிலும் பிடித்து ஆட்டினார். டக் டக் என்று ஆடியது. அதோடு முடிவு கட்டிவிடவில்லை. உள்ளே ஏறி பிரேக்கை மிதிக்கச் சொல்லி உதவிக்கு நிற்கிற தம்பிக்குக் குரல் கொடுத்தார். பிரேக் மிதித்தால் சில்லும் நக்கிளும் ஒன்றாக இறுகிவிடும், அப்போது சில்லுப் பேரிங்கின் ஆட்டம் மறைந்துவிடும். அதற்குப் பிறகும் ஆடினால் குற்றவாளி கிங் பின்தான். ஆடியது. இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் வேறு கதை, அது ரை ரொட் முனைகளின் தேய்மானம்.

எங்களுக்கு இந்தச் சோதனை மிகவும் பிடித்தது. ஒரு விளைவுக்கு இரண்டு காரணம் இருக்கலாம் என்றால், ஒன்றை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதைப் பார்க்கிறார். வரலாற்று முறையியல் என்று ஒரு முழு அரையாண்டு படித்தோம், இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லித் தரவில்லை.

சரி, ஏன் இப்படி ஒரு ஏற்பாடு? நல்லூர்த் தேர் முட்டிச் சந்தியில் திரும்புவதைப் பார்த்தவர்களுக்கு விடை பாதி தெரியும். தேருக்கு ஸ்ரியரிங் இல்லை. அச்சு அசையாது. சில்லுக்குக் கீழே கட்டையைக் கொடுத்துக் கொடுத்துத்தான் திருப்புகிறார்கள். கட்டை போடுகிறவர் கொஞ்சம் பிசகினாலும் ஆபத்து. எங்கள் மாட்டுவண்டிக்கு இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் அதற்கு இரண்டே சில்லு. மாடு திரும்பினால் வண்டி திரும்பும். நாலு சில்லு வந்தவுடன்தான் சிக்கல் வருகிறது.

ஐரோப்பாவின் குதிரை வண்டிகளில் இதற்கு ஒரு பழைய தீர்வு இருந்தது. முன் அச்சு முழுவதையும் நடுவில் ஒரே ஒரு பெரிய ஆணியில் பூட்டிவிடுவது. அச்சு முழுதாக அந்த ஆணியைச் சுற்றித் திரும்பும். கிங் பின் என்ற பெயர் முதலில் அந்த நடு ஆணிக்குத்தான் இருந்தது. ஆனால் வண்டி கடுமையாகத் திரும்பும்போது முன் சில்லுகள் இரண்டும் வண்டியின் அடிக்குள் போய்விடும், வண்டி நாற்காலி ஒற்றைக் காலில் நிற்பது போலாகிவிடும். குடைசாய அது போதும். ஒரு சில்லு கல்லில் இடித்தால் முழு அச்சும் வெட்டித் திரும்பும்.

இங்கிலாந்தில் இராஸ்மஸ் டார்வின் என்று ஒரு வைத்தியர் இருந்தார். பரிணாமக் கொள்கை சொன்ன சார்ள்ஸ் டார்வினின் பாட்டனார். நோயாளிகளைப் பார்க்க மோசமான தெருக்களில் வண்டியில் அலைகிற மனிதர். 1750களின் கடைசியில் அவர் ஒரு யோசனை வைத்தார்: அச்சு அப்படியே நிற்கட்டும், அதன் இரண்டு நுனியிலும் சில்லுகள் தனித்தனியாகத் திரும்பட்டும். அந்த யோசனையைக் காப்புரிமை ஆக்கவில்லை. 1768இல் வண்டியிலிருந்து விழுந்து முழங்காற் சில்லு உடைந்து, பிறகு கடைசிவரை கொஞ்சம் நொண்டியே நடந்தார்.

அடுத்தவர் மியூனிக்கில் அரச குடும்பத்துக்கு வண்டி செய்தவர், கேயார்க் லாங்கென்ஸ்பேர்கர். 1816, 17 காலத்தில் அவர் இதையே வேலை செய்கிற பொருளாகச் செய்து காட்டினார். இங்கிலாந்தில் அவருக்காகக் காப்புரிமை எடுத்தவர் ருடோல்ஃப் ஆக்கர்மன். சக்சனியில் பிறந்து, வண்டி வடிவமைப்புப் படித்து, லண்டனில் படமும் புத்தகமும் அச்சிட்டு விற்றவர். நெல்சனின் சவ ஊர்தியைத் தயாரிக்கிற பொறுப்பும் அவருக்குத்தான் கொடுக்கப்பட்டது. காப்புரிமை 1818இல் கிடைத்தது. இன்றைக்கு உலகம் முழுக்க, எங்கள் தொழில்நுட்பக் கல்லூரிப் பாடப்புத்தகத்திலும்கூட, அதற்குப் பெயர் ஆக்கர்மன் ஸ்ரியரிங். செய்தவரின் பெயர் இல்லை, பத்திரத்தில் கையெழுத்து வைத்தவரின் பெயர். பெரியப்பாவிடம் இதைச் சொன்னோம். "கராஜிலையும் அப்பிடித்தானே. வேலை செய்யிறது ஒருத்தன், போட்டிலை பேர் இன்னொருத்தன்ரை" என்று சொல்லிவிட்டுச் சில்லைக் கழற்றப் போனார்.

திரும்பும்போது உட்பக்கச் சில்லு சிறிய வட்டத்திலும் வெளிப்பக்கச் சில்லு பெரிய வட்டத்திலும் போக வேணும், அதனால் உட்சில்லு கூடுதலாகத் திரும்ப வேணும். இந்தக் கணக்கு சரிவராவிட்டால் ரயர் தெருவில் உரசிக்கொண்டே போகும். கார்ல் பென்ஸ் 1886இல் காப்புரிமை எடுத்த முதல் மோட்டார் வண்டிக்கு மூன்று சில்லுதான். இரண்டு முன் சில்லுகளைத் திருப்புகிற பிரச்சினைக்கு அவருக்கு அப்போது திருப்தியான விடை கிடைக்கவில்லை. 1893இல்தான் அதற்குத் தனியாகக் காப்புரிமை எடுத்து நாலு சில்லுக்கு வந்தார். எஞ்சினை ஓட வைத்த மனிதருக்கு முன் அச்சு ஏழு வருடம் தண்ணி காட்டியிருக்கிறது.

இனி எங்கள் லொறிக்கு வருவோம்.

சில்லைக் கழற்றும்போதே தம்பி ஒரு விஷயம் சொன்னான். பல ஜப்பான் லொறிகளிலும் பழைய பிரிட்டிஷ் லொறிகளிலும் இடப்பக்கச் சில்லு நட்டுகள் இடம்புரி. வழக்கமான பக்கம் சுற்றினால் கழராது, இன்னும் இறுகும். போல்ட் நுனியில் 'எல்' என்று வெட்டியிருந்தால் மறுபக்கம் சுற்ற வேணும். இது தெரியாமல் ஸ்பனருக்குக் குழாய் போட்டு நீட்டி மிதித்து போல்டை முறிப்பது புதுப் பெடியளின் வழமையாம். அவனும் ஒன்று முறித்திருக்கிறான்.

சில்லு, டிரம், பேரிங் எல்லாம் வரிசையாகக் கழன்று, கழன்ற ஒழுங்கிலேயே ஒரு சாக்கின் மேல் வைக்கப்பட்டன. பிரேக் குழாயைத் தொங்க விடாமல் கம்பியால் கட்டினார்கள். அந்த சில்லுப் பேரிங்கும் வண்டிக்காரர் ஒருவரின் வேலைதான். கூம்பு வடிவ உருளைப் பேரிங்குக்கு 1898இல் காப்புரிமை எடுத்த ஹென்றி ரிம்கின் அமெரிக்காவின் சென் லூயிஸில் குதிரை வண்டி செய்தவர். திரும்பும்போது சில்லைப் பக்கவாட்டில் தள்ளுகிற விசையை சாதாரணப் பேரிங் தாங்காது என்பது வண்டி செய்கிறவருக்குத்தான் தெரியும்.

ஸ்பனர்ப் பெட்டியைத் திறந்தபோதுதான் நாங்கள் உண்மையில் வாயைப் பிளந்தோம். ஒன்றல்ல, மூன்று பெட்டி. மூன்றும் வேறு வேறு அளவு முறை.

முதல் பெட்டி விட்வேர்த். 1841இல் ஜோசப் விட்வேர்த் என்ற இங்கிலாந்துப் பொறியாளர், ஒவ்வொரு பட்டறையும் தன்பாட்டுக்குப் புரி வெட்டுவதை நிறுத்த வேணும் என்று ஒரு பொது அளவை முன்வைத்தார். புரியின் கோணம் 55 பாகை. பேரரசு போன இடமெல்லாம் அந்தப் புரியும் போனது. இதில் ஒரு வேடிக்கை, ஸ்பனரில் எழுதியிருப்பது அதன் வாயின் அகலம் இல்லை, போல்டின் தடிப்பு. அரை அங்குலம் என்று பொறித்த ஸ்பனரின் வாயை அளந்து பார்த்தோம், 23 மில்லிமீற்றருக்கும் கொஞ்சம் கூட.

இரண்டாவது பெட்டியும் அங்குலம்தான், ஆனால் இதில் எழுதியிருப்பது வாயின் அகலம். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் போல்டும் அமெரிக்க நட்டும் ஒன்றுக்கொன்று சேராமல் நேச நாடுகள் பட்ட பாடு பெரிது. கடைசியில் 1948இல் அமெரிக்காவும் பிரித்தானியாவும் கனடாவும் ஒரு பொதுப் புரிக்கு ஒத்துக்கொண்டன. கோணம் 60 பாகை. விட்வேர்த் அதோடு மெல்ல மெல்லப் பின்வாங்கியது.

மூன்றாவது மில்லிமீற்றர். இது எங்கள் பக்கம் வந்த பாதை சுவையானது. 1954இல் ஜம்ஷெட்பூரில் டாட்டா நிறுவனம் ஜேர்மனியின் டைம்லர் பென்ஸோடு சேர்ந்து லொறி செய்யத் தொடங்கியது. 1961இல் தன் முதல் லொறியை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தது. அந்த வெளிநாடு இலங்கை. 1969இல் ஜேர்மன்காரரோடு இருந்த ஒப்பந்தம் முடிந்தது, ஆனால் மில்லிமீற்றர் இருந்துவிட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பிறகு ஜப்பான் வாகனங்கள் குவிந்தன, அவையும் மில்லிமீற்றர். பெட்ஃபோர்ட் லொறிகள் ஒதுங்கின. எங்கள் அப்பாமாரின் வாயில் கன்டர், எல்ஃப் என்ற பெயர்கள் வந்தன.

ஆக ஒரு மனிதன் ஐம்பது வருடம் ஒரே வேலையைச் செய்ய மூன்று பெட்டி ஸ்பனர் வாங்க வேண்டியிருந்தது. எந்த நாட்டோடு யார் ஒப்பந்தம் போட்டாலும் அதன் செலவு கடைசியில் ஒரு கராஜில் வந்து இறங்குகிறது. பெட்டியின் ஓரத்தில் கிடந்த அலவாங்கு இன்னும் பழையது, சொல்லைச் சொல்கிறோம். அது போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது. அதைப் பிடித்து நிமிர்த்தும்போது பெரியப்பாவுக்குப் போர்த்துக்கேயர் நினைவு வரவில்லை என்பது நிச்சயம்.

கிங் பின்னைக் கழற்றுவதுதான் உண்மையான சண்டை. மேலும் கீழுமுள்ள மூடிகளைக் கழற்றினால் பின்னின் தலை தெரிகிறது. அதைக் குறுக்காகப் பூட்டி வைத்திருப்பது ஒரு சிறிய கூம்பு ஆணி. அதன் நட்டை முழுதாகக் கழற்றிவிட்டு அடித்தால் புரி நசுங்கிவிடும், பிறகு வெளியே வராது. நட்டை ஆணியின் நுனியோடு சமமாக வரும்வரை மட்டும் தளர்த்தி, நட்டோடு சேர்த்து அடிக்க வேணும். கூம்பு ஆணி வந்துவிட்டது. பின் வரவில்லை. வருடக்கணக்காகக் கிறீஸ் காணாமல் துருப்பிடித்து அச்சோடு ஒன்றாகிப் போயிருந்தது.

துரு இளக்குகிற ஒயிலை ஊற்றி, தேத்தண்ணி குடித்து, மீண்டும் வந்தார்கள். தம்பி சம்மட்டியை எடுத்துக்கொண்டு நேரே பின்னின் தலையில் அடிக்கப் போனான். பெரியப்பா போட்ட சத்தத்தில் வேம்பில் இருந்த காகமும் எழும்பியது.

அவருடைய இடது கண்ணில் ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. அதுவரை நாங்கள் கேட்கவில்லை. கிங் பின்னின் மேற்பரப்பு தேயாமல் இருக்கக் கடினப்படுத்தப்பட்ட உருக்கு. சுத்தியலின் முகமும் அப்படித்தான். இரண்டு கடின உருக்கும் மோதினால் சில்லுச் சில்லாகத் தெறிக்கும், துவக்குச் சன்னம் மாதிரி. இருபது வயதில், வேறொருவரின் கராஜில், ஒரு பெட்ஃபோர்ட் லொறிக்குக் கீழே அவருக்கு அது நடந்தது. மருந்துச் செலவுக்கு முதலாளி ஒரு கிழமைச் சம்பளம் கொடுத்தாராம். அன்றிலிருந்து நடுவில் பித்தளைக் குத்தி இல்லாமல் அவர் அடிப்பதில்லை, கண்ணாடி போடாமல் யாரையும் கிட்ட விடுவதில்லை. எங்கள் நாலு பேருக்கும் அவர் தந்த இரண்டு பழைய வெல்டிங் கண்ணாடியை மாறி மாறிப் போட்டுக்கொண்டுதான் மிச்சத்தைப் பார்த்தோம்.

நெருப்பு வைக்கலாமே என்று எங்களில் ஒருவன் கேட்டான். வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முன் அச்சு சும்மா வார்த்த இரும்பு இல்லை, அடித்து உருவாக்கிச் சூட்டால் பதப்படுத்தியது. அளவுக்கு மீறிச் சூடு காட்டினால் அந்தப் பதம் போய்விடும். "அச்சு செத்துப்போகும். ஆனால் செத்தது வெளியிலை தெரியாது" என்றார். பெரிய கராஜ்களில் அச்சில் கொளுவி நீரழுத்தத்தால் பின்னைத் தள்ளி எடுக்கிற அமுக்கி இருக்கிறது, அடியும் இல்லை, தெறிப்பும் இல்லை. இங்கே அது இல்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பித்தளைக் குத்தியும் சம்மட்டியும்தான். ஒரு அடியில் சத்தம் மாறியது. அது எங்களுக்கே கேட்டது. அதற்குப் பிறகு நாலைந்து அடியில் பின் வெளியே விழுந்தது. ஒரு பக்கம் நகத்தால் தடவினாலே படிக்கட்டு மாதிரித் தேய்ந்திருந்தது.

அந்த இடைவெளியில்தான் நாங்கள் 1990ஐப் பற்றிக் கேட்டோம். அந்த வருடம் யூனில் யுத்தம் மறுபடி தொடங்கியதோடு குடாநாட்டுக்கு எரிபொருளும் பற்றரியும் சீமெந்தும் இரும்பும் வருவது தடைப்பட்டது. மின்சாரமும் நின்றது. பெற்றோல் கார்களை நாலு சொட்டுப் பெற்றோலில் இழுத்து எழுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய கதை எங்கள் எல்லார் வீட்டிலும் உண்டு. எஞ்சினின் கதையைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள். முன் அச்சின் கதையை நாங்கள் கேட்டதில்லை.

பாட்ஸ் வராது. பஞ்சிகாவத்தை வேறு கிரகத்தில் இருந்தது. பழைய லொறிகளின் ஹாஃப் சாஃப்ட் நல்ல உருக்கு என்று தெரிந்து, உடைந்தவற்றைத் தேடி எடுத்தார்கள். மண்ணெண்ணெயில் ஓடுகிற ஒரு சிறிய எஞ்சினை லேத்தோடு பட்டியால் தொடுத்து, அதிலிருந்து கிங் பின் கடைந்தார்கள். கரி நெருப்பில் செம்மைக்குக் கொண்டுவந்து ஒயிலில் அமிழ்த்தினார்கள். புஷ்ஷுக்குப் பழைய வெண்கலத்தை உருக்கி வார்த்தார்கள். கிறீஸ் கிடைக்காத நேரம் கழிவு ஒயிலைத் துணியில் நனைத்து வைத்தார்கள். எவ்வளவு நாள் தாங்கியது என்று கேட்டோம். "ஓடினது மெதுவாய்த்தானே. தெரு முழுக்கக் கிடங்கு. ஆறு மாசம் தாங்கும், பிறகு திருப்பிக் கடையிறதுதான்" என்றார். பெருமையாகச் சொல்லவில்லை. அப்படிச் செய்த ஒரு பின் முறிந்து சில்லு கழன்றதையும் சேர்த்தே சொன்னார். லொறி வயலுக்குள் போனது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

இந்த இடத்தில் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். தடைக்காலத்துக் கெட்டித்தனத்தைப் பற்றி எழுதுவது எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கமாகிவிட்டது, எல்லாவற்றையும் சாகசமாக்கிவிடுகிறோம் என்றாள் ஒருத்தி. முறிந்த பின்னையும் எழுத வேணும் என்று முடிவு செய்தோம். அதனால்தான் எழுதியிருக்கிறோம்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தபோது அவர் சைக்கிள் கரியரில் கட்டியது ஒரு மரப்பெட்டி. உள்ளே ரீமர் செற். நாவற்குழிப் பாலத்தில் நெரிசலில் இரண்டு தரம் விழுந்தது. பெரியம்மா தையல் மெசினைத்தான் கட்டச் சொன்னாராம். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்பது தேத்தண்ணி கொண்டுவந்த பெரியம்மாவின் முகத்தில் தெரிந்தது. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது ஜக் இல்லை, வைஸ் இல்லை, கூரைத் தகரமும் இல்லை. ரீமர் இருந்தது.

அந்த ரீமரைத்தான் அன்று பின்னேரம் வெளியே எடுத்தார். ஒயில் துணி சுற்றி, நாலு மூலையும் இரும்புத் தகடு அடித்த பெட்டி.

நக்கிளின் மேல் கண்ணிலும் கீழ்க் கண்ணிலும் புதிய வெண்கலப் புஷ் அடித்து இறக்கியாயிற்று. புஷ்ஷின் கிறீஸ் துளை நக்கிளில் உள்ள துளைக்கு நேரே வர வேணும், கொஞ்சம் பிசகினாலும் வெளியே நிப்பிளில் எவ்வளவு பம் பண்ணினாலும் உள்ளே ஒன்றும் போகாது. (அந்த நிப்பிளுக்கும் ஒரு ஆள் இருக்கிறார், ஒஸ்கார் செர்க், வியன்னாவிலிருந்து அமெரிக்கா போனவர், காப்புரிமை 1929இல்.) புஷ்ஷின் துளை பின்னுக்கு மயிரிழை சிறிதாகத்தான் வரும். மேல் புஷ்ஷையும் கீழ்ப் புஷ்ஷையும் ஒரே நேர்கோட்டில் சுரண்டி எடுக்க வேணும். தனித்தனியாகச் சுரண்டினால் இரண்டும் அளவில் சரியாக இருக்கும், கோட்டில் பிழைக்கும், பின் நடுவில் இறுகும். அதற்குத்தான் நீண்ட ரீமர். ஒரு நுனி கீழ்ப் புஷ்ஷில் வழிகாட்டியாக நிற்க, மறு நுனி மேல் புஷ்ஷை வெட்டும்.

எங்களையும் சுற்ற விட்டார். சட்டம் ஒன்றே ஒன்று: வெட்டுகிற பக்கமாகத்தான் சுற்ற வேணும், வெளியே எடுக்கும்போதுகூட. பின்னோக்கிச் சுற்றினால் அலகின் கூர் மழுங்கிவிடும். கொஞ்சம் சுற்று, எடு, துடை, பின்னைப் போட்டுப் பார். போகாது. இன்னும் கொஞ்சம். கையால் அழுத்தினால் பின் மெதுவாக இறங்க வேணும், தானாக விழக் கூடாது. ஏழாவது தரம் இறங்கியது.

தம்பி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு எங்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்: "அக்கா, லேத்திலை குடுத்தால் அரை மணித்தியாலத்திலை ஹோன் பண்ணித் தருவாங்கள். சில செற்றுக்குச் சுரண்டவே தேவையில்லை, புஷ் சரியான அளவிலையே வரும்." உண்மைதான். நைலோன் மாதிரியான பொருளில் செய்த புஷ்களும் இருக்கின்றன, அடித்து இறக்கிவிட்டு அப்படியே பூட்டலாம். நாங்கள் கைவினை அழிகிறது என்று உணர்ச்சிவசப்பட ஆயத்தமாக இருந்தோம், அவன் அதைக் கெடுத்துவிட்டான். நல்லது.

ஆனால் அவன் அந்தக் கராஜில் வேலைக்குச் சேர்ந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது, 2025 தொடக்கத்தில்தான் திரும்பத் திறக்கத் தொடங்கியது. ஐந்து வருடத்துக்குக் கிட்ட, இருந்த லொறிகள்தான் ஓட வேணும். 2022 நெருக்கடியில் பாட்ஸ் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. எறிய வேண்டிய லொறிகள் கராஜுக்கு வந்தன. பெரியப்பா ஓய்வெடுக்க நினைத்திருந்த நேரம் அது.

மிச்ச வேலை விரைவாக நடந்தது. நக்கிளின் கீழ்க் கவட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் எடை தாங்குகிற பேரிங், அதன் மூடிய பக்கம் மேலே வர வேணும், இல்லாவிட்டால் தண்ணியும் மணலும் உள்ளே இறங்கும். மேல் இடைவெளிக்கு மெல்லிய தகட்டு வளையங்கள், தடிப்பு அளக்கிற இலைகளால் பார்த்துப் பார்த்து. பின்னில் உள்ள வெட்டு கூம்பு ஆணியின் துளைக்கு நேரே. கிறீஸ், அச்சு தூக்கியிருக்கும்போதே, கீழ்ப் பேரிங்கால் பிதுங்கி வரும்வரை. சில்லுப் பேரிங் நட்டை, சில்லைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு கொஞ்சம் தளர்த்தி, புதிய பிளவு ஆணி. பழைய ஆணியை நிமிர்த்திப் போட எங்களில் ஒருவன் நீட்டினான், பெரியப்பா அதை வாங்கி வேலிக்கு வெளியே எறிந்தார்.

கடைசியில் சோக்கட்டியும் ஒரு தடியும். இரண்டு ரயரிலும் நடுக்கோடு போட்டு, முன்னால் உள்ள தூரத்தையும் பின்னால் உள்ள தூரத்தையும் தடியால் அளந்தார். முன்னால் சில மில்லிமீற்றர் குறைவாக இருக்க வேணும். கூடினால் ரயரின் ஒரு விளிம்பு மரம் அரம் வைத்தது மாதிரித் தேயும்.

லொறிச் சாரதி ஏறி ஓட்டிப் பார்த்தார். சந்தியில் திருப்பிவிட்டு ஸ்ரியரிங்கை விட்டார், சில்லு தன்பாட்டில் நேருக்கு வந்தது. இறங்கி வந்து, "அண்ணை, கை நோகேல்லை" என்று மட்டும் சொன்னார். காசை எண்ணிக் கொடுத்தார், கொஞ்சம் கடன் வைத்தார், கிளிநொச்சிப் பக்கம் நெல் ஏற்றப் போய்விட்டார்.

ஒப்படையின் மூலங்கள் பட்டியலில் ரீமரை எப்படி எழுதுவது என்று எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை. அந்த ரீமரைத் துறையின் காட்சிக்கூடத்துக்குத் தர முடியுமா என்று எங்களில் ஒருத்தி அன்றைக்கே கேட்டுப் பார்த்தாள். பெரியப்பா சிரித்தார். "கண்ணாடிக்குள்ளை வைச்சு என்ன செய்யப் போறீங்கள்? வலப்பக்கப் பின் நாளண்டைக்கு வருது."

நாங்கள் புறப்படும்போது தம்பி ரீமரின் அலகுகளை ஒவ்வொன்றாக மண்ணெண்ணெயில் கழுவி, ஒயில் பூசி, துணி சுற்றிக்கொண்டிருந்தான். பெட்டியை மூடியபின் அதை ஸ்பனர்களோடு வைக்கவில்லை, உள்ளே கொண்டுபோய்ப் பெரியம்மாவின் தையல் மெசினுக்குப் பக்கத்தில் வைத்தான்.